இருபது விழும் வரை

முதலில் அதைக் கேட்டது ஆங்கிலத்தில்தான். "ரைட் நவ் அனுப்புகிறேன்" என்றார், நாங்கள் சேர்ந்து வேலை செய்யும் ஆலையிலிருந்து பேசிய பெண்மணி. மெக்ஸிகோவின் கேரேத்தரோ நகரத்தில் காலை பத்து மணி, சென்னையில் இரவு ஒன்பதரை. இரண்டு ஊருக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். திருத்திய டிராயிங் ஒன்று அவரிடமிருந்து வர வேண்டும். வந்தால் சரிபார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குக் காவலாளி ஒரு வரிசை விளக்கை அணைத்தார். பதினொன்றுக்கு இன்னொரு வரிசை. பதினொன்றே காலுக்கு மறுபடி கூப்பிட்டேன். அதே உற்சாகமான குரல்: "யெஸ், யெஸ், ரைட் நவ்!" டிராயிங் மறுநாள் மாலை வந்தது.

பொய்க்காரி என்றுதான் நினைத்தேன். இப்படி நாலைந்து முறை ஆன பிறகு அந்த எண்ணம் தானாகக் கழன்றது. எடுத்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறவர். என் கணக்கில் இருந்த பிழைகளை மேலிடத்துக்குத் தெரியாமல் திருத்திக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ஏன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி? ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துபோய்ப் பக்கத்தில் யாரிடமோ, "அவோரித்தா, அவோரித்தா" என்றார். எழுத்துக்கூட்டித் தேடினேன். (நடுவில் ஓர் 'எச்' உண்டு. எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது.) அகராதி ஆங்கிலத்தில் பொருள் சொன்னது: ரைட் நவ். ஆக, அவர் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். அகராதியும் சரி. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான் தப்பு.

அவோரா என்றால் 'இப்போது'. அதன் வாலில் ஸ்பானிய மொழியின் குறுமை விகுதி சேர்ந்து அவோரித்தா ஆகிறது. சின்ன இப்போது, செல்லமான இப்போது. இலக்கணப்படி அது இன்னும் சுருங்கியிருக்க வேண்டும். மெக்ஸிகோவில் அது நீள்கிறது. இந்த நொடியாக இருக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகாக இருக்கலாம், என்றைக்குமே இல்லாததாகவும் இருக்கலாம். தெருவில் பொருள் விற்கிறவர் நெருங்கி வரும்போது "அவோரித்தா நோ, கிராசியாஸ்" என்பார்கள். 'இப்போதைக்கு வேண்டாம், நன்றி' என்பதுதான் சொல்லுக்குச் சொல் பொருள். வாங்கவே போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் கதவு அறைந்து சாத்தப்படவில்லை. அதே விகுதியை இன்னொரு முறை அடுக்கி அவோரித்தித்தா என்றால் கொஞ்சம் நம்பலாம். டொமினிக்கன் குடியரசிலோ புவேர்ட்டோ ரிக்கோவிலோ கேட்டால் அவோரித்தா என்பதற்கு 'பிறகு' என்றே பொருள். அங்கே குழப்பமே இல்லை.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் புரியவில்லை. தெரிவதும் புரிவதும் வேறு வேறு என்று நம் மொழி இரண்டு சொல் வைத்திருக்கிறதே, அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தேன்.

புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பன் கூப்பிட்டான், கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிறானாம். "இதோ வந்துட்டேன்" என்றேன். இடுப்பில் துண்டோடு, தலையில் எண்ணெயோடு நின்றுகொண்டு சொன்னேன். வருகிறேன் என்றுகூட இல்லை, வந்துட்டேன்! முடிந்துபோன செயலுக்குரிய வினைமுற்று. இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு லண்டன்காரனிடம் கொடுத்தால், நான் கூசாமல் பொய் சொல்பவன் என்றுதான் அவன் முடிவுகட்டுவான். என் நண்பனோ நிம்மதியாக உள்ளே போய்க் காபி சாப்பிட்டான். எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். 'உன் அவசரம் எனக்குப் புரிகிறது, உன்னை நான் மறக்கவில்லை' என்பதற்கு மேல் அந்த 'வந்துட்டே'னில் எதுவும் இல்லை. அவோரித்தாவிலும் அவ்வளவுதான் இருந்திருக்கிறது. மூன்று மாதம் அகராதியைப் புரட்டியும் கிடைக்காதது, ஈரத் துண்டோடு நின்றபோது கிடைத்தது.

அதற்கப்புறம்தான் ஸ்பானியப் பேச்சு வழக்கை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். ஆங்கிலம் வழியாகத்தான், வேறு வழி இல்லை. ஆனால் ஆங்கிலம் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தபடி.

இரவில் பார்க்கும் ஸ்பானியப் படங்களின் ஆங்கிலத் துணைவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் இளைஞன் தன் நண்பனை 'தீயோ' என்கிறான், மாமா என்று பொருள். மெக்ஸிகோக்காரன் 'வேய்' என்கிறான். எருதைக் குறிக்கும் 'புவேய்' தேய்ந்து வந்த சொல் அது. நமக்கு வேய் என்றால் மூங்கில், அவர்களுக்கு மாடு. அதே மெக்ஸிகோவில் 'குவாத்தே' என்றும் உண்டு. அஸ்தெக்குகளின் நவாத்தல் மொழியில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் 'போலூதோ', சிலியின் 'வேயோன்' இரண்டும் ஆணுடலின் ஓர் உறுப்பை வைத்துப் பிறந்த வசவுகள், நட்பில் புழங்கிப் புழங்கி முனை மழுங்கியவை. மாமன், மாடு, இரட்டையன், இன்னபிற. திரையின் அடியில் ஓடும் வரியில் இத்தனைக்கும் ஒரே சொல்தான்: 'ட்யூட்'.

துணைவரி எழுதுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வரியும் சில விநாடியும்தான் அவருக்குக் கிடைக்கிறது. மச்சான் என்ற உறவுமுறை மச்சியாகிக் கல்லூரி வாசலில் நிற்பதைப் பார்த்த நமக்கு, ஸ்பெயினின் மாமா ஒரு தெரு நண்பனாக இறங்கி வந்த கதை பாடம் நடத்தாமலே விளங்கும். அதை ஆங்கிலம் வழியாகக் கேட்கும்போது உறவு கழன்று விழுந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விளங்கிவிட்டது என்ற தெம்பில் ஒரு வேலை செய்தேன். மாதாந்தரக் கூட்டத்தில் அவர்களுடைய ஆலை மேலாளர் என்னிடம் ஏதோ கேட்டார். அறுபதை நெருங்கும் மனிதர், எப்போதும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. "ஓகே, வேய்" என்றேன். இரண்டு விநாடி ஓசையில்லை. யாரோ இருமினார்கள். கூட்டம் தொடர்ந்தது. பெண்மணியிடமிருந்து தனியாக ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? தயவுசெய்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்."

பிறகு விளக்கினார். நண்பர்களுக்குள் மூன்று வார்த்தைக்கு ஒரு வேய் விழும். கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் 'உஸ்தேத்' போட்டுப் பேச வேண்டியவரிடம் வேய் வரக் கூடாது. ஸ்பானியத்தில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா இது! ஆனால் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது ஆங்கிலத்தில். அதில் 'யூ' ஒன்றுதான். மேலாளரும் யூ, நானும் யூ. அந்தச் சமதரையில் நடந்து நடந்து, ஸ்பானியத்தில் படிக்கட்டு இருப்பதை மறந்துவிட்டேன். தமிழில் யோசித்திருந்தால் ஆலை மேலாளரை 'மச்சி' என்றிருப்பேனா? செத்தாலும் மாட்டேன்.

அகராதி உங்களைக் காப்பாற்றாத இடங்கள் இதைவிடப் பெரியவை உண்டு. ஸ்பெயினில் பஸ்ஸைப் 'பிடிக்க' ஒரு சாதாரண வினைச்சொல் இருக்கிறது, கொஹேர். பாடநூலில் முதல் வாரத்திலேயே வரும். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதற்குப் படுக்கையறைப் பொருள், அதுவும் கொச்சையாக. பஸ்ஸைப் பற்றி அப்படிச் சொன்ன வெளிநாட்டு மாணவர்களின் கதை அந்த ஊர்களில் நிறையப் புழங்குகிறது. இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரே மொழிக்குள்ளேயே இந்தப் பாடு. அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த 'ரோமா' 2018இல் வந்தது. 1970களின் மெக்ஸிகோ நகரம், ஒரு நடுத்தரக் குடும்பம், அந்த வீட்டில் வேலை செய்யும் பூர்வகுடிப் பெண். ஸ்பெயினில் அதை வெளியிட்டபோது நெட்ஃபிளிக்ஸ், மெக்ஸிகோவின் ஸ்பானியத்துக்கு ஸ்பெயினின் ஸ்பானியத்திலேயே துணைவரி போட்டது. 'மமா' என்று வந்த இடத்தில் 'மாத்ரே' என்று எழுதினார்கள். யாருக்குப் புரியாது மமா? மெக்ஸிகோக் குழந்தைகளின் சாக்லேட் கேக் ஒன்று, 'கன்சித்தோ' என்று பெயர். அது துணைவரியில் 'கன்ச்சித்தோ' என்ற வேறொரு காரத் தீனியாக மாறியது. இது ஸ்பெயின்காரர்களுக்கே அவமானம் என்று குவாரோன் வெளிப்படையாகக் கண்டித்தார். 2019 ஜனவரியில் அந்தத் துணைவரியை எடுத்துவிட்டார்கள். ஈழத்துத் தமிழ்ப் படத்துக்குச் சென்னைத் தமிழில் துணைவரி போட்டால் யாழ்ப்பாணத்தார் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அவரும் சொன்னார்.

இன்னொரு வகை மொழிபெயர்ப்பு இருக்கிறது, அது எனக்கு இதைவிட எரிச்சல் தரும். தேன் தடவிய மொழிபெயர்ப்பு. மெக்ஸிகோவில் 'அப்பப்பாச்சார்' என்று ஒரு வினை உண்டு. கொஞ்சுவது, அணைத்துச் சீராட்டுவது. நவாத்தலில் அதற்கு 'ஆன்மாவால் அணைத்தல்' என்று பொருள் என்பதாக ஆங்கிலத்தில் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது, சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். மூலச் சொல்லில் ஆன்மா ஏதும் இல்லை. எதையாவது அமுக்கிப் பிசைந்து மெதுவாக்குவது, பழத்தை விரலால் கசக்கிப் பதப்படுத்துவது, அதுதான் வேர். நீலம் மாம்பழத்தை உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் குழைத்துக் காம்புப் பக்கம் கடித்து உறிஞ்சியவர்களுக்கு அந்தச் சொல்லின் அன்பு எங்கே இருக்கிறதென்று தெரியும், விரல் நுனியில். அதை ஆன்மாவுக்கு ஏற்றியதும் பழச்சாறு காய்ந்துவிட்டது.

பேச்சு வழக்கு அழகாக மட்டும் இருப்பதில்லை என்பதும் உண்டு. மெக்ஸிகோவில் ஒன்று பிரமாதமாக இருந்தால் 'கே பாத்ரே' என்பார்கள், 'என்ன ஓர் அப்பா!' (போர்ச்சுக்கீசியர் வழியாக நம்மிடம் பாதிரியார் ஆனாரே, அதே பாத்ரேதான்.) எனக்கென்ன வந்தது என்று உதறித் தள்ள 'மே வாலே மாத்ரே' என்பார்கள், ஏறக்குறைய 'அம்மா மதிப்புத்தான் எனக்கு'. அதாவது ஒன்றுமில்லை! அப்பா என்றால் உசத்தி, அம்மா என்றால் துச்சம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அம்மாவை வைத்தே பாராட்டும் தொடரும் உண்டு. ஆனால் வசவு என்று வந்தால் அம்மாதான். ஆங்கில அகராதியில் முதலாவதற்கு 'கூல்', இரண்டாவதற்கு 'ஐ டோன்ட் கேர்'. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.

துடைக்காமல் பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1962 முதல் 1968 வரை டில்லியில் மெக்ஸிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ். 1950இல் வந்த அவருடைய 'தனிமையின் புதிர்வழி' என்ற நூலில், நாலு பேர் நடுவில் சொல்லக் கூசும் ஒரு கெட்ட வார்த்தையைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். 'சிங்கார்' என்ற வினை. தமிழில் எழுதினால் சிங்காரமாகத் தெரிகிறது, பொருளில் சிங்காரம் எதுவும் கிடையாது. வலிந்து பிளப்பது, சிதைப்பது. அந்த வினைக்கு ஆளானவளைத் தாயாகக் கொண்டவர்கள் நாம் என்ற காயம் மெக்ஸிகோவின் வசவுக்குள் இருக்கிறது என்கிறார். ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி இந்தச் சொல்லுக்குக் காலோ மொழியை வேராகக் காட்டுகிறது. நவாத்தலிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. காலோ, ஸ்பெயினின் ஜிப்சி மக்களுடைய மொழி. பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவை விட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். தண்ணீருக்கு அவர்கள் 'பஞீ' என்கிறார்கள். பானி!

பாஸ் சுட்டிய அந்தத் தாய், வரலாற்றில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1519இல் ஸ்பானியப் படைத்தலைவன் எர்னான் கோர்த்தேஸ் மெக்ஸிகோவுக்குக் கப்பல்களோடு வந்து இறங்கியபோது, தபாஸ்கோ பகுதித் தலைவர்கள் தோற்று, 20 பெண்களை அவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஞானஸ்நானம் செய்து மரீனா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு நவாத்தலும் தெரியும், மாயா மொழியும் தெரியும். கோர்த்தேஸிடம் ஏற்கெனவே ஹெரோனிமோ தே அகிலார் என்ற ஸ்பானியர் இருந்தார். 1511இல் கப்பல் உடைந்து யூகத்தானில் ஒதுங்கி, எட்டு வருடம் மாயர்களிடையே வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றவர். ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது: கோர்த்தேஸ் ஸ்பானியத்தில் சொல்வான், அகிலார் மாயா மொழியில் மாற்றுவார், மரீனா அதை நவாத்தலில் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். நடுவில் இருந்த மாயா மொழி, பேசிய இரண்டு தரப்புக்குமே சொந்தமில்லை.

கேரேத்தரோவுக்கும் சென்னைக்கும் நடுவில் ஆங்கிலம் இருக்கிற மாதிரி. எங்களுக்கு ஆங்கிலம்தான் அகிலார்.

1519 நவம்பர் 8ஆம் தேதி அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானில் அவர்களுடைய அரசர் மொக்தேசூமா கோர்த்தேஸை வரவேற்றார். அரசவை நவாத்தல் பணிவால் ஆன மொழி, சொல்கிறவர் தன்னைத் தாழ்த்தியே பேசுவார். இது உங்கள் வீடு, களைத்து வந்திருக்கிறீர்கள் என்ற வகையில் அரசர் பேசியிருக்க வேண்டும். கோர்த்தேஸ் தன் மன்னருக்கு 1520இல் எழுதிய கடிதத்தில், நாட்டையே ஒப்படைத்துவிட்டார் என்று எழுதினான். அது சரணாகதி இல்லை, உபசாரம்தான் என்று மேத்யூ ரெஸ்டால் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். கோர்த்தேஸுக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருப்பது வசதியாக இருந்ததா? இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம். எப்படியிருந்தாலும் பேரரசு விழுந்தது வாளாலும் உள்ளூர்ப் பகையாலும் அம்மை நோயாலும். மொழிபெயர்ப்பின் தலையில் முழுப் பழியையும் போட வேண்டாம். மெக்ஸிகோவில் இன்றைக்கும் 'உங்கள் வீடு' என்றே தம் வீட்டைச் சொல்லும் மரியாதை இருக்கிறது. "சனிக்கிழமை உங்கள் வீட்டில் விருந்து வைத்தோம்" என்று பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னபோது ஒரு கணம் என் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசித்தேன்.

மரீனா சீக்கிரமே ஸ்பானியத்தைக் கற்றுக்கொண்டாள். அகிலாரின் வேலை அதோடு முடிந்தது. நடு மொழி கழன்றுகொண்டது.

அவள் பெயர் என்ன ஆயிற்று என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருப்பது. நவாத்தலில் 'ர' ஓசை இல்லை, மரீனா மலினா ஆனாள். மரியாதைக்குரியவர் என்பதால் 'ட்சின்' என்ற விகுதியைச் சேர்த்து மலின்ட்சின் என்றார்கள், நாம் 'அம்மையார்' என்போமே, அப்படி. ஸ்பானியர் காதில் அது மலின்ச்சே என்று விழுந்தது. இன்று மெக்ஸிகோவில் வெளிநாட்டுச் சரக்கைப் பார்த்து வாயைப் பிளப்பவனை 'மலின்ச்சிஸ்தா' என்று திட்டுகிறார்கள். துரோகி என்ற நெடி அதில் உண்டு. திட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் துப்பும் சொல்லுக்குள் ஓர் 'அம்மையார்' இருக்கிறார் என்று? அந்த 'ட்சின்' மரியாதைக்கும் வரும், செல்லத்துக்கும் வரும். மெக்ஸிகோக்காரர்கள் எதற்கெடுத்தாலும் குறுமை விகுதி போடுவது இதன் மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு, எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஏற்கலாம் என்றால், என்னை ராத்திரி பதினொன்றேகால் வரை உட்கார வைத்த அவோரித்தாவின் வாலிலும் அந்த மரியாதை கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

போன மாதம் பெண்மணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் அலுவலகத்தில் டா என்று ஒருவர் இருக்கிறாரே, யார் அவர்? எல்லோரும் அவரையே கூப்பிடுகிறீர்கள்."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு விளக்க ஆரம்பித்தேன். "அது பெயர் இல்லை. அது ஒரு... ட்யூட்." சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். துணைவரியின் 'ட்யூட்'டைக் குத்திக்காட்டிய அதே வாய்! மறுபடி முயன்றேன். நண்பன் நண்பனைச் சொல்வான். சண்டையில் எதிரியைச் சொல்வான். முன்பின் தெரியாத ஆட்டோக்காரரைச் சொன்னால் நடுரோட்டில் வண்டி நிற்கும். அவர் உடனே, "ஆ, வேய்!" என்றார். ஆமாம் என்று சொல்லப் போனேன். ஏதோ இடித்தது. "ஆனால் அம்மாவும் மகனைச் சொல்வாள்" என்றேன். "சாப்பிட்டியாடா என்பாள்."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. "எங்கள் அம்மா வேய் சொல்ல மாட்டாள்" என்றார். "மிஹோ என்பாள். என் மகனே என்று. முன்பின் தெரியாத பையனைக்கூடச் சந்தைக்காரக் கிழவி மிஹோ என்பாள். அப்படியானால் உங்கள் டா, பாதி வேய், பாதி மிஹோ." பிறகு சொன்னார்: "மே காயோ எல் வேய்ந்தே."

'எனக்கு இருபது விழுந்தது' என்று அர்த்தம். புரிந்துவிட்டது என்பதற்கு மெக்ஸிகோவில் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் காலப் பொதுத் தொலைபேசியில் இருபது சென்டாவோ நாணயம் போட வேண்டும். தியோதிவாக்கானின் சூரியப் பிரமிடு பொறித்த வெண்கலக் காசு. எண்ணைச் சுழற்றலாம், காத்திருக்கலாம், எதிர்முனையில் ஆள் எடுக்கலாம். உள்ளே அந்தக் காசு விழுந்தால்தான் பேச்சு. பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாயைத் திணித்துவிட்டு அது விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவன் நான். எனக்கு அந்தத் தொடரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்திலும் ஒரு 'பென்னி' விழும் தொடர் இருக்கிறது, நான் அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். ஒருநாளும் என் காதில் அது விழுந்ததில்லை.

இந்த வருடங்களில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. ஒரு தெருப் பேச்சை இன்னொரு தெருப் பேச்சுத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது. நடுவில் ஆங்கிலம் கம்பியாக இருந்தது, இல்லையென்றால் நாங்கள் பேசியே இருக்க மாட்டோம், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் அவோரித்தாவைத் திறந்தது என் வீட்டு 'வந்துட்டேன்', அவருக்கு டாவைத் திறந்தது அவர் அம்மாவின் மிஹோ. கொச்சை என்று நாம் கட்டுரைகளில் வெட்டி எறிகிற பேச்சு இல்லாதவனுக்கு, அடுத்தவன் கொச்சை கடைசி வரை வெறும் அகராதிச் சொல்லாகவே இருந்துவிடும். பிள்ளைகளை ஆங்கிலத்தில் மட்டும் வளர்ப்பவர்கள் பரீட்சையைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேற்று இரவு அவர் கூப்பிட்டார். சரிபார்த்த டிராயிங் ஒன்று இந்த முறை என்னிடமிருந்து போக வேண்டும். அங்கே மேலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "எப்போது அனுப்புவீர்கள்?" என்றார். "அவோரித்தா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் சாப்பிடப் போகிறேன் என்று வைத்துவிட்டார்.

இதை எழுத உட்கார்ந்ததில் அது இன்னும் போகவில்லை.